முட்டை உயரத்தில் தெர்மாமீட்டர்

சித்தப்பா நாமக்கல் பக்கத்தில் நாட்டுக்கோழிக் குஞ்சு பொரித்து விற்கிறார். பெரிய பண்ணை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மாட்டுக்கொட்டகையை ஒட்டி ஓர் ஓட்டு அறை, அதில் பீரோ அளவில் இரண்டு இன்குபேட்டர், ஒரு யுபிஎஸ், எந்தத் தட்டு எந்தத் தேதியில் வைத்தது என்று கிறுக்கிய தினசரிக் காலண்டர். அவ்வளவுதான்.

போன வருஷம் பொங்கலுக்குப் போனபோது, ஆய்வகத்தில் நானும் கிட்டத்தட்ட அதே மாதிரி ஒன்று செய்துகொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். 37 டிகிரி இருக்க வேண்டும், ராத்திரி பகல் மாறக் கூடாது, ஈரம் வேண்டும், கார்பன் டை ஆக்சைடு 5 சதவீதம் வேண்டும், இத்தனையும் ஒரு மைக்ரோஸ்கோப்பின் மேல் நடக்க வேண்டும் என்று அளந்துகொண்டே போனேன். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தெர்மாமீட்டர எங்க வெச்சிருக்கற கண்ணு?"

"சூடாகற தட்டுலயே பதிச்சிருக்குதுங்க சித்தப்பா."

"முட்ட அங்கயா இருக்குது?"

பிறகு இன்குபேட்டர் கதவைத் திறந்து காட்டினார். கம்பெனிக்காரர்கள் கூரையில் பொருத்திக் கொடுத்த சென்சாரைக் கழற்றி, ட்வைன் நூலில் கட்டி, நடுத் தட்டு முட்டைகளின் உயரத்துக்கு இறக்கித் தொங்கவிட்டிருந்தார். "மேல வெச்சா காத்தோட சூட்டச் சொல்லும். குஞ்சு காத்துலயா பொரியுது?" என்றார். நான் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவன் என்ற நினைப்பு. அந்தச் சிரிப்பின் விலை ஏழெட்டு மாத வேலை.

சென்னையில் ஓர் ஆய்வகத்தில் கருவிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. செல்லைப் பற்றி எனக்குப் பாடத்திட்டத்தில் ஒரு வரி கிடையாது. எங்கள் மேடத்துக்கு ஹீலா செல்கள் பிரிவதை 24 மணி நேரம் தொடர்ந்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு படம் வீதம் எடுக்க வேண்டும். அதுவரை செல் டிஷ்ஷை இன்குபேட்டரிலிருந்து எடுத்து, மைக்ரோஸ்கோப்பில் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, ஓடிப்போய்த் திரும்ப வைப்பார்கள். செல் பிரிவது ஏறக்குறைய ஒரு மணி நேரச் சமாசாரம். பத்து நிமிஷம் எட்டிப் பார்த்தால் ஒருநாள் ஆரம்பம் கிடைக்கும், இன்னொரு நாள் முடிவு கிடைக்கும். நடுவில் நடப்பதை ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

மைக்ரோஸ்கோப்பின் மேலேயே செல்லை உயிரோடு வைத்திருக்கும் கருவியை ரெடிமேடாக விற்கிறார்கள். விலைப்புள்ளி கேட்டோம், வந்தது. அந்தத் தொகைக்கு எங்கள் தெருவில் ஒரு புது கார் நிற்கும். மேடம் மெயிலை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

ஹீலா செல்லின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1951இல் அமெரிக்காவின் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கர்ப்பப்பை வாய்ப் புற்றிலிருந்து, அவரைக் கேட்காமலே எடுத்தது. அவர் அந்த வருஷமே இறந்துவிட்டார். செல்கள் இன்றுவரை உலகம் முழுக்க ஆய்வகங்களில் வளர்கின்றன. அவை இன்னமும் அந்த அம்மாவின் உடம்புக்குள் இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கின்றன என்று மேடம் ஒருமுறை சொன்னார். அதே சூடு, அதே உப்பு, அதே புளிப்பு. நாம் கட்டுவது பெட்டி இல்லை, உடம்பு மாதிரி நடிக்கிற ஒரு சாமான்.

இதே பால்டிமோரில், அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸில், 1907இல் ராஸ் ஹாரிசன் ஒரு கண்ணாடித் தகட்டில் நிணநீர்ச் சொட்டைத் தொங்கவிட்டு, அதற்குள் தவளைக் கருவின் நரம்பு இழை வளர்வதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். உயிருள்ள திசுவை உடம்புக்கு வெளியே வைத்து வளரப் பார்த்ததில் அது பெரிய தொடக்கம். அவர் புத்திசாலி, தவளையைத் தேர்ந்தெடுத்தார். தவளைக்கு ஹீட்டர் வேண்டாம், அறைச் சூடே போதும். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

சரி, முதலில் செய்தது சின்ன வடிவம். டிஷ்ஷைச் சுற்றி அலுமினியச் சட்டம், அதில் ஹீட்டர், அதிலேயே சென்சார். கச்சிதமாக வேலை செய்தது. திரையில் 37.0 என்று எழுதிவைத்த மாதிரி நின்றது. ஒரு வாரம் கழித்து ஆய்வு மாணவி வந்தாள்.

"அண்ணா, நேத்து ராத்திரி முழுக்க எடுத்த படத்துல ரெண்டே ரெண்டு செல்லுதான் பிரிஞ்சிருக்கு. இன்குபேட்டர்ல இருந்த டிஷ் ஜம்முனு இருக்கு."

மீடியம், அதாவது செல் வளர்கிற திரவம், சரியில்லை என்றேன். லைட் அதிகம் என்றேன். செல்லே பழசோ என்றேன். எல்லாவற்றையும் அவள் மாற்றிப் பார்த்தாள். எங்கள் மைக்ரோஸ்கோப்பில் லென்ஸ் டிஷ்ஷுக்கு அடியில் இருக்கும். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலைமுடி கனத்தில் இருந்து நுனியில் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பி ஒன்றை எடுத்து, அதன் நுனியை மீடியத்துக்குள் இறக்கி, அடிக்கண்ணாடியில், லென்ஸுக்கு நேர் மேலே தொடும்படி ஒட்டினேன். சட்டம் 37.0. நுனி 33.4.

இரண்டு தடவை பார்த்தேன். லென்ஸைக் கீழே இறக்கினேன். எண்ணெய்ச் சொட்டு கண்ணாடியை விட்டு விலகியதும் நுனி மெல்ல மெல்ல 36க்கு மேல் ஏறியது. லென்ஸை மறுபடி ஏற்றினேன். மறுபடி 33.

விஷயம் இதுதான். நாங்கள் பயன்படுத்துவது 60 மடங்கு ஆயில் லென்ஸ். டிஷ்ஷின் அடியில் இருக்கும் கண்ணாடியின் கனம் 0.17 மில்லிமீட்டர். அதற்குக் கீழே ஒரு சொட்டு எண்ணெய், அதற்குக் கீழே உள்ளங்கையில் கனக்கும் பித்தளையும் கண்ணாடியும், அதற்குக் கீழே ஏசி அறையில் 24 டிகிரியில் உட்கார்ந்திருக்கும் முழு மைக்ரோஸ்கோப். செல்லின் சூட்டை அந்த லென்ஸ் உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. அதிலும் நாம் பார்க்கிற செல்லைத்தான் குறிபார்த்துக் குளிர வைக்கிறது. லென்ஸ் தொடாத ஓரத்து செல்கள் நன்றாகத்தான் பிரிந்திருக்கும். அவற்றை யாரும் பார்க்கவில்லை.

முட்ட அங்கயா இருக்குது?

ஊருக்கு போன் பண்ணவில்லை. கொஞ்சம் கௌரவம் பார்த்தேன்.

லென்ஸுக்குத் தனியாக ஒரு ஹீட்டர் பட்டை சுற்றுவது ஒரு வழி. செய்பவர்கள் உண்டு. ஆனால் லென்ஸை மாற்றும்போதெல்லாம் அதைக் கழற்றி மாட்ட வேண்டும், எங்கள் பிள்ளைகள் அதைச் செய்ய மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் இன்னொரு வழி: லென்ஸ், மேடை, டிஷ் எல்லாவற்றையும் ஒரே பெரிய பெட்டிக்குள் வைத்து, மொத்தத்தையும் 37க்குக் கொண்டு போவது. கேமராவும் விளக்கும் மைக்ரோஸ்கோப்பின் அடிப்பாகமும் வெளியே.

பெட்டி 70 சென்டிமீட்டர் அகலம், ஆழமும் உயரமும் 60. கணக்குப் போட்டபோது ஒரு விஷயம் வேடிக்கையாக இருந்தது. உள்ளே இருக்கும் காற்றை 24இலிருந்து 37க்கு ஏற்ற, ஒரு மேசைக்கரண்டித் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு வெப்பம் போதும். ஆனால் உள்ளே நிற்கும் 30 கிலோ உலோகத்தை அதே 13 டிகிரி ஏற்றுவது ஒன்றேகால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைப்பதற்குச் சமம். 90 மடங்கு வித்தியாசம். அதையும் காற்று வழியாகத்தான் கொடுக்க வேண்டும், காற்றோ வெப்பத்தைச் சுமப்பதில் சோம்பேறி. அதனால்தான் காற்று பத்து நிமிஷத்தில் 37ஐத் தொட்டுவிடும், மைக்ரோஸ்கோப் தொட நாலு மணி நேரம் ஆகும். முதல் நாள் சாயங்காலமே ஆன் பண்ணி வைத்துவிட்டுப் போங்கள் என்று பெட்டியின் மேல் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒட்டியும் காலை பத்து மணிக்கு ஆன் பண்ணிவிட்டுப் பத்தரைக்கு "ஃபோகஸ் நிக்கவே மாட்டேங்குது அண்ணா" என்று வருகிறார்கள்.

வெப்ப இழப்பு இன்னொரு கணக்கு. 5 மில்லிமீட்டர் அக்ரிலிக், மேல்மூடியும் நாலு பக்கச் சுவருமாக ஏறத்தாழ 2 சதுர மீட்டர். உள்ளே வெளியே 13 டிகிரி வித்தியாசம் என்றால் சுவர் வழியாகவே 130 வாட் வாக்கில் போய்க்கொண்டிருக்கும். இடுக்குகளில் கசிவது தனி. 300 வாட் ஹீட்டர் போட்டோம்.

மின்விசிறியைப் பெட்டியிலேயே மாட்டியது அடுத்த முட்டாள்தனம். 60 மடங்கில் படம் கொசு மாதிரி நடுங்கியது. கழற்றி, ஹீட்டரையும் விசிறியையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டுத் தரையில் வைத்து, சமையலறை சிம்னிக்குப் போடுகிற மடிப்புக் குழாய் இரண்டை வாங்கி இணைத்தேன். ஒன்றில் சூடான காற்று போகும், மற்றொன்றில் திரும்பி வரும். குழாய் தொளதொளவென்று இருப்பதால் அதிர்வு மேலே ஏறுவதில்லை. பெட்டியும் மைக்ரோஸ்கோப்பை எங்கேயும் தொடாது. இடைவெளிகளில் மெத்தைக் கடையில் வாங்கிய ஸ்பாஞ்ச்.

கட்டுப்பாட்டுச் சர்க்யூட்டுக்கான சாமான் எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சனிக்கிழமையில் முடிந்தது. அதைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பிஐடி, அதாவது இலக்குக்கும் இப்போதைய சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து ஹீட்டரைக் கூட்டிக் குறைக்கும் கணக்கு, எல்லாரும் எழுதுவதுதான். சூட்டை ஊசலாடவிட்டு அந்தக் கணக்குக்கு வேண்டிய எண்களைக் கண்டுபிடிக்கிற, கல்லூரியில் தேர்வுக்காக மனப்பாடம் செய்த சீக்லர்–நிக்கல்ஸ் முறையை, 1942இல் வந்தது, முதல்முறையாக நிஜத்தில் போட்டுப் பார்த்தேன். இவ்வளவு மந்தமான பெட்டியில் ஒரு ஊசலாட்டம் முடிவதற்குள் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம். பிறகு சென்சாரை இரண்டாக்கினேன். ஒன்று ஹீட்டரிலிருந்து வரும் காற்றில், வேகமாக வேலை செய்ய. மற்றொன்று டிஷ் பக்கத்தில், முதல் சென்சாருக்கு இலக்கை நிதானமாக மாற்றிச் சொல்ல. இன்றைக்குக் காற்று 37.8இல் ஓடினால்தான் செல் 37.0இல் இருக்கிறது.

சென்சாரைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும். மலிவாகக் கிடைக்கும் டிஜிட்டல் சென்சார் புள்ளிக்குப் பின் நாலு இலக்கம் காட்டும். அதன் துல்லியம் என்னவோ அரை டிகிரி கூடக் குறைய. திரையில் 37.0625 என்று பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும், நம்பாதீர்கள். நான் எல்லா சென்சார்களையும் ஒரு ரப்பர் பேண்டில் கட்டி, ஃபிளாஸ்க்கில் ஊற்றிய வெதுவெதுப்பான தண்ணீரில் இறக்கி, கூடவே மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய காய்ச்சல் தெர்மாமீட்டரையும் வைத்து ஒப்பிட்டேன். 37 டிகிரிக்குப் பக்கத்தில், அந்த விலைக்கு, அதைவிட யோக்கியமான தெர்மாமீட்டர் கிடையாது. அதன் வேலையே அந்த நாலைந்து டிகிரிதான்.

இப்போது என் பெரிய அசட்டுத்தனத்துக்கு வருகிறேன்.

பெட்டியின் மூட்டுகளை அடைக்க வேண்டும். அக்ரிலிக் வெட்டிக் கொடுத்தவர் க்ளோரோஃபார்ம் விட்டு ஒட்டித் தருகிறேன் என்றார். உள்ளே உயிர் இருக்கப் போகிறது, வேண்டாம் என்று பெரிய மனுஷன் மாதிரி மறுத்துவிட்டு, அலுமினிய ஆங்கிளும் ஸ்க்ரூவும் போட்டேன். இடுக்குகளுக்கு மட்டும் மீன் தொட்டி செய்யப் பயன்படுத்துகிற சிலிக்கான் பசை. மீனுக்கே ஒன்றும் ஆகவில்லை என்றால் செல்லுக்கு என்ன ஆகும்?

மூன்று நாள் கழித்து டிஷ்ஷை உள்ளே வைத்தோம். மறுநாள் காலை மீடியம் மஞ்சளாக இருந்தது.

தெரியாதவர்களுக்கு: மீடியத்தில் ஃபீனால் ரெட் என்று ஒரு சாயம் கலந்திருக்கும். எல்லாம் சரியாக இருந்தால் தக்காளி ரசம் மாதிரி ஒரு சிவப்பு. காரம் ஏறினால் கத்தரிப்பூ நிறத்துக்குப் போகும், புளிப்பு ஏறினால் மஞ்சள். புளிப்பு ஏற வழக்கமான காரணம் இரண்டு. கார்பன் டை ஆக்சைடு அதிகம், அல்லது பாக்டீரியா விழுந்துவிட்டது. வாயு சென்சார் 5 என்றது. நம்பாமல் பாதியாகக் குறைத்தேன், அப்போதும் மஞ்சள். மாணவி மீடியத்தை உருப்பெருக்கிப் பார்த்தாள், ஒரு பாக்டீரியாகூட இல்லை, கண்ணாடி மாதிரி தெளிவு. செல்கள் மட்டும் எல்லாம் உருண்டு, ஒட்டு விட்டு மிதந்துகொண்டிருந்தன. நாலு டிஷ் இப்படிப் போயின. அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

ஐந்தாம் நாள் காலை பெட்டிக் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டேன், எதற்கோ ஒரு ஸ்க்ரூவை முறுக்க. குப்பென்று வினிகர் வாசனை.

அந்த வகை சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியே விடும். மீன் தொட்டி செய்பவர் பசை காய்ந்ததும் தொட்டியைக் கழுவி, தண்ணீர் விட்டு வைத்துத்தான் மீன் விடுவார். நான் என்ன செய்தேன்? மூடிய பெட்டிக்குள், 37 டிகிரிச் சூட்டில், விசிறி போட்டு, அந்த ஆவியை டிஷ் மேல் சுற்றிச் சுற்றி ஓட்டினேன். மனசு கேட்காமல், புளிப்பைக் காட்டும் பிஎச் தாளை ஈரமாக்கி உள்ளே தொங்கவிட்டேன். கால் மணி நேரத்தில் நிறம் மாறிவிட்டது. மாணவி வந்து பார்த்துவிட்டு, "ஊறுகாய் போட்டிருக்கோம்ணா" என்றாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இரண்டு சாயங்காலம் பிளேடால் சுரண்டினேன். அமிலம் விடாத, நியூட்ரல் என்று போட்ட வகை சிலிக்கானை வாங்கி மறுபடி அடைத்தேன். அதன் பிறகும் காலிப் பெட்டியை 45 டிகிரியில் நாலு நாள் ஓடவிட்டு, தினமும் காலையில் மோந்து பார்த்தேன். இந்தக் கருவிக்கு நான் பயன்படுத்திய மிக நல்ல சென்சார் என் மூக்குதான்.

அக்ரிலிக் இன்னொரு பாடமும் சொல்லிக் கொடுத்தது. உயிரியல் ஆய்வகங்களில் கண்ணில் பட்டதையெல்லாம் 70 சதவீத ஆல்கஹால் விட்டுத் துடைப்பது ஒரு பழக்கம், கோயிலில் கற்பூரம் காட்டுகிற மாதிரி. லேசரில் வெட்டிய அக்ரிலிக் விளிம்பில் இறுக்கம் தங்கியிருக்கும். அதில் ஆல்கஹால் பட்டால் மயிர்க்கோடு மாதிரி விரிசல்கள் ஓடும். ஒரே வாரத்தில் முன்கதவின் ஓரம் முழுக்கச் சிலந்தி வலை. இப்போது சோப்புத் தண்ணீர் மட்டும்தான்.

ஈரப்பதத்துக்கு வருவோம். ஆரம்பத்தில் பெட்டி முழுக்க ஈரமாக்கிவிடலாம் என்று நினைத்தேன், இட்லிப் பானை மாதிரி. இட்லிப் பானை மூடியைத் திறந்தால் என்ன சொட்டும் என்று யோசித்ததும் கைவிட்டேன். 37 டிகிரியில் 95 சதவீத ஈரம் இருந்தால், 36 டிகிரிக்குக் கீழே இருக்கிற எந்தப் பரப்பிலும் தண்ணீர் கட்டும். மைக்ரோஸ்கோப்பின் பாதி உடம்பு பெட்டிக்கு வெளியே இருக்கிறது. லென்ஸில் பூஞ்சை பிடிப்பதற்குச் சென்னைக் காற்றே போதும், நான் வேறு உதவி செய்ய வேண்டாம்.

அதனால் பெரிய பெட்டி சூடாகவும் உலர்வாகவும், அதற்குள் டிஷ்ஷை மட்டும் மூடுகிற ஒரு சின்னக் கவிழ்கிண்ணம் ஈரமாகவும். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் வாங்கிய காற்றுப் பம்ப், கூடவே குமிழி விடும் கல். காற்றும் கார்பன் டை ஆக்சைடும் கலந்து, கல் வழியாக ஒரு பாட்டில் தண்ணீரில் குமிழியிட்டு, ஈரத்தோடு கிண்ணத்துக்குள் போகும். பாட்டிலை முதலில் மேசை மேல் வைத்திருந்தேன். 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று பிடித்துவைக்கக் கூடிய நீராவி 23 கிராம், 37இல் 44 கிராம். அதாவது வெளியே முழுக்க நனைந்து வந்த காற்று, உள்ளே சூடானதும் பாதி காய்ந்த காற்று. பாட்டிலைப் பெட்டிக்குள் மாற்றினேன். அதற்குப் பிறகு குழாயில் ஓர் இடம் விசிறிக் காற்று படாமல் கொஞ்சம் குளிர்ந்திருக்க, அங்கே தண்ணீர் கட்டி, ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பெரிய சொட்டு டிஷ்ஷில் விழுந்தது. நேரம் எப்படித் தெரியும் என்கிறீர்களா? படத்தில் பதிவாகியிருக்கிறது. நன்றாகப் பரவி ஒட்டியிருந்த செல்கள் அடுத்த படத்தில் உப்பிப்போய் இருந்தன.

ஈரத்தை அளக்க நான் சென்சாரை நம்புவதில்லை. தராசுதான். 2 மில்லி மீடியம் ஊற்றிய டிஷ்ஷை மாலையில் எடை போட்டு, காலையில் எடை போடுவேன். முதல் வடிவத்தில் ஒரே ராத்திரியில் 0.3 கிராம் குறைந்திருந்தது. கேட்டால் சின்ன எண். ஆனால் தண்ணீர் போனால் உப்பு அங்கேயேதான் இருக்கும். மில்லிஆஸ்மோல் கணக்கில் 290 ஆக இருந்த உப்பு அடர்த்தி 340ஐத் தொட்டுவிடும். ரசம் சுண்டினால் கரிக்கிற மாதிரி, செல்லுக்குள் இருக்கும் தண்ணீரையும் வெளியே இழுத்துவிடும். இப்போது அதே நேரத்தில் குறைவது 0.03 கிராம் அளவில்தான்.

கார்பன் டை ஆக்சைடு பற்றிச் சுருக்கமாக. மீடியத்தில் கலந்திருக்கும் பைகார்பனேட்டும் மேலே இருக்கும் இந்த வாயுவும் சேர்ந்துதான் பிஎச்சைப் பிடித்து வைக்கின்றன. வாயு பாதியானால் பிஎச் 0.3 ஏறும். சூட்டைப் போல இதில் தலைமுடியைப் பிளக்க வேண்டியதில்லை, 5க்குப் பதில் 4.8 இருந்தால் யாரும் சாக மாட்டார்கள். சிலிண்டரைச் சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டுங்கள், அது போதும்.

ஃபோகஸ்தான் கடைசி வரை படுத்தியது. இந்த லென்ஸில் தெளிவாகத் தெரிகிற ஆழம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு, தலைமுடி கனத்தில் நூறில் ஒரு பங்கு மாதிரி. 10 சென்டிமீட்டர் அலுமினியம் ஒரு டிகிரி சூடானால் 2.3 மைக்ரான் நீளும். ஆக மேடையைத் தாங்கும் ஏதோ ஓர் அலுமினியத் துண்டு அரை டிகிரி ஏறி இறங்கினாலே படம் மங்கி மங்கித் தெளியும். எங்கள் படம் அப்படித்தான், 12 நிமிஷத்துக்கு ஒரு முறை மூச்சு விட்டது. பிஐடியில்தான் கோளாறு என்று இரண்டு வாரம் எண்களை மாற்றி மாற்றிப் போட்டேன். ஒரு ராத்திரி தனியாக உட்கார்ந்திருந்தபோது, வெளியே ஏசி கம்ப்ரஸர் டொக் என்று ஓட ஆரம்பிக்கும் சத்தம் கேட்டது. மணியைப் பார்த்தேன். அடுத்த டொக் சரியாக 12 நிமிஷம் கழித்து. பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மைக்ரோஸ்கோப்பின் காலில் ஏசிக் காற்று நேராக விழுந்துகொண்டிருந்தது. ஒரு ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டியைப் பிரித்து நடுவில் தடுப்பாக நிறுத்தினேன். மூச்சு நின்றது. அட்டை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. வருகிற விருந்தினர்கள் அது என்ன என்று கேட்கிறார்கள், மேடம் "அது முக்கியமான பாகம்" என்கிறார்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஹீட்டரை இயக்கும் மின்னணு ஸ்விட்சான சாலிட் ஸ்டேட் ரிலே பழுதானால் பெரும்பாலும் ஆஃப் ஆகாது, ஆனிலேயே மாட்டிக்கொள்ளும். எங்களுடையது ஒரு சனிக்கிழமை ராத்திரி அப்படிப் போனது. மறுநாள் உள்ளே 58 டிகிரி. டிஷ்ஷில் இருந்ததை ஆம்லெட் என்று சொல்லலாம். மென்பொருளில் எச்சரிக்கை வைத்திருந்தேன், அது ஒழுங்காக வேலையும் செய்தது, ஹீட்டரை அணை என்று ரிலேயிடம் ராத்திரி முழுக்கக் கெஞ்சியிருக்கிறது. இப்போது ஹீட்டர் லைனிலேயே நேரடியாக, எந்த மென்பொருளையும் கேட்காமல் 45 டிகிரியில் அறுத்துவிடுகிற ஒரு பைமெட்டல் கட்அவுட் இருக்கிறது. அயர்ன் பாக்ஸில் இருப்பதன் தம்பி. விலை ஒரு மசால் தோசைக்குள் அடங்கும்.

செப்டம்பரில் முதல் முழு ராத்திரிப் படம் வந்தது. மேடமும் மாணவியும் நானும் நின்றுகொண்டே பார்த்தோம். தட்டையாகக் கிடந்த ஒரு செல் மெதுவாகக் கைகால்களை மடக்கிக்கொண்டு பந்து மாதிரி எழுந்தது. நடுவில் குரோமோசோம்கள் ஒரு கோடாக வந்து நின்றன. அங்கேயே கொஞ்ச நேரம், அந்தக் கோடு லேசாக ஆடிக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் கோடு இரண்டாகிவிட்டது. இடுப்பு ஒடுங்கி, இரண்டு செல்களாகி, இரண்டும் மறுபடி தட்டையாகப் படுத்தன. ஒரு ராத்திரியில் அப்படி நாற்பதுக்கு மேல். மாணவி எண்ணி எழுதி வைத்திருக்கிறாள்.

தீபாவளிக்குப் போனபோது அந்த வீடியோவை சித்தப்பாவுக்குப் போனில் காட்டினேன். தெர்மோகப்பிள் கதையையும் சொல்லிவிட்டேன், கௌரவமெல்லாம் அதற்குள் வினிகரோடு போயிருந்தது. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார்.

"இது எத்தன நாளு ஆகுது?"

"ஒரு நாளைக்குள்ளயே ஒண்ணு ரெண்டாயிருதுங்க."

"எனக்கு 21 நாளு." கொஞ்சம் யோசித்தார். முட்டையைப் பதினெட்டு நாள் வரைக்கும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கரு ஓட்டில் ஒட்டிக்கொள்ளும். அவருக்கு அது ராத்திரி பகல் கவலை. "ஏங்கண்ணு, இதயத் திருப்பி வெக்க வேண்டாமா?"

"தொட்டாப் போச்சுங்க சித்தப்பா. ஃபோகஸ் போயிரும்."

"அட," என்றார், முதல்முறையாகக் கொஞ்சம் பொறாமையோடு.